பேனர் கட்டிய பிறகு ஏறிய மலை

ஆரோக்கியராஜின் முகம் கூட்டு ரோட்டில் ஏறியபோது அவன் இன்னும் ஊரைவிட்டே கிளம்பவில்லை. ஆளுயரத்துக்கும் மேலே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பனிமலைக்கு முன்னால் நின்றிருந்தான். பக்கத்தில் அதே மாதிரிக் கண்ணாடியோடு சித்தார்த்தன். உண்மையில் கண்ணாடி ஒன்றுதான். ஸ்டூடியோவில் ஒருவன் கழற்ற ஒருவன் வாங்கி மாட்டிக்கொண்டு எடுத்த படம். தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில், ‘இமயமலைச் சிகரம் தொட்ட எங்கள் சிங்கங்களை வாழ்த்துகிறோம்.’ அதற்குக் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி. அந்த ஞாயிறு இன்னும் வரவே இல்லை.

ஒலக்கூர் பக்கம் பேனர் கட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. கூட்டு ரோட்டு டீக்கடைக்கு எதிரே நட்டிருக்கிற சவுக்குக் கம்பங்களில் எவன் முதலில் கட்டுகிறானோ இடம் அவனுடையது. அவன் காரியம் முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் அடுத்தவன் கை வைக்க மாட்டான். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று அந்த இடத்துக்கு அப்படி ஒரு போட்டி. அதனால் காரியத்துக்கு முன்னாலேயே கட்டிவிடுவதுதான் வழக்கம். கல்யாணம் நடக்காமல் போகவா போகிறது?

பேனர் அடிக்கிற பையனுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். “இன்னும் போவவே இல்லியேண்ணா. வந்ததுக்கு அப்பறம் போட்டுக்கலாமே?”

ஆரோக்கியராஜின் பெரியப்பா மகன் தேவா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், விடவில்லை. “வர்ற வரிக்கும் எடம் சும்மா இருக்குமா? பெரியசாமி வூட்டுல பேரனுக்குக் காதுகுத்து வெச்சிருக்காங்க. அவங்க கட்டிட்டாங்கன்னா அப்பறம் நமக்கு ஐப்பசிதான். நீ போடு தம்பி. போறது எங்க ஆளு. ஏறாமயா வருவான்?”

பின்னணிக்குப் பையன் காட்டிய மலைப் படங்களில் ஊசியிலை மரமும் நீல ஏரியும் உள்ள ஒன்றைத் தேவா தேர்ந்தெடுத்தான். தாங்கள் போகிற லடாக் மலையில் ஒரு புல்கூட முளைக்காது என்பது ஆரோக்கியராஜுக்குத் தெரியும். சொன்னான். “பச்சயா இருந்தாதான்டா மலன்னு நம்புவானுங்க” என்றான் தேவா.

காலனியில் நடக்கிற நல்லது கெட்டதுக்கெல்லாம் பேனர் மாதா கோயில் வளைவோடு நின்றுவிடும். கூட்டு ரோட்டுக்கு வரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வந்ததில்லை, அவ்வளவுதான். முதல்முறையாக வந்தபோது அது ஒரு கட்சிக்காரனின் முகமாகவோ செத்துப்போனவனின் முகமாகவோ இல்லாமல் ஆரோக்கியராஜின் முகமாக இருந்தது. கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வண்டியில் வீட்டுக்கு வருகிற வழியில், அந்த வாரம் முழுவதும், அவன் டீக்கடை தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான். திரும்பிப் பார்க்க வெட்கம். வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.

அவன் அப்பா சவுரிராயன் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். அம்மா இருதயமேரி களை எடுக்கவும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் போகிறவள். அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி ஆரோக்கியராஜ். பி.எஸ்ஸி. இயற்பியல். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு விரற்கடை பெரிதாக, மாட்டப்பட்டிருக்கிறது. வண்டியின் நம்பர் பலகைக்கு மேலே பி.எஸ்ஸி. என்று ஸ்டிக்கர். சொந்தக்காரர்கள் பத்திரிகை அடித்தால் அவன் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பான். இதையெல்லாம் கேலி பண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டதாரிகள் இருப்பார்கள்.

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. பீகாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ஷிப்டு பார்த்துப் பார்த்து இந்தி நன்றாக வந்துவிட்டது. அங்கேதான் இந்த மலைப் பைத்தியமும் பிடித்தது. இன்ஜினியர்கள் நாலு பேர் லடாக் போய் ஒரு சிகரம் ஏறிவிட்டு வந்தார்கள். கேன்டீனில் கேக் வெட்டினார்கள். அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டினார்கள். ‘இவங்க ஏறுற மலைய நாம ஏற மாட்டமா?’ என்று அன்றைக்குத் தோன்றியதுதான்.

கூட வர ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர், கல்லூரிக்குப் போன அதே பஸ் படிக்கட்டில் தொங்கிய கூட்டாளிகள். சித்தார்த்தன் காலனியில் பக்கத்துத் தெரு, திண்டிவனத்தில் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன். ஜெகதீசன் ஊர்த்தெரு. காதுகுத்து வைத்திருக்கிற அதே பெரியசாமியின் இளைய மகன், சென்னையில் வேலை.

சித்தார்த்தனின் அம்மா பாஞ்சாலிக்கு இந்த விஷயமே புரியவில்லை. “அண்ணாமலையில சாமி இருக்குது, ஏர்றாங்க. பர்வதமலையில சாமி இருக்குது, ஏர்றாங்க. நீங்க போறதுல இன்னா சாமி இருக்குது?”

“சாமியெல்லாம் இல்ல அத்த. மலதான்” என்றான் ஆரோக்கியராஜ்.

“சாமியே இல்லாத மலைக்கு எதுக்குடா ரயில் ஏறி, ஏரோப்ளேன் ஏறிப் போறீங்க? வேண்டுதல் எதனா வெச்சிருக்கியா?”

“ஒம் புள்ளைக்குப் பொண்ணு கெடைக்கணும்னுதான் அத்த.”

“அப்ப சரி, போயிட்டு வாங்க” என்று சிரித்துவிட்டு, அரைமூட்டை வேர்க்கடலை உருண்டை பிடித்துக் கொடுத்தாள்.

பேனரில் ஏன் மூன்று முகம் இல்லை என்று கேட்கலாம். ஜெகதீசன்தான் வேண்டாம் என்றான். போனில் கேட்டபோது, “மச்சான், தப்பா நெனச்சிக்காத. வூட்டுல நான் டில்லியில டிரெயினிங்னு சொல்லி இருக்கேன். அப்பாவப் பத்தி உனக்கே தெரியும். உங்ககூட ரூமு எடுத்துத் தங்கிக்கினு, மல ஏறிக்கினு... எதுக்குடா வம்பு” என்றான்.

“சர்றா, வுடு” என்றான் ஆரோக்கியராஜ். விட்டுவிட்டதாகத்தான் நினைத்தான்.

லே நகரத்தில் இறங்கியதும் முதலில் தெரிந்தது வெயிலும் குளிரும் ஒரே இடத்தில் இருப்பதுதான். சட்டையின் வெயில் பட்ட பக்கம் சுட்டது, நிழல் பக்கம் விறைத்தது. சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை. ஒன்றிலும் மரம் இல்லை. சில மலைகள் கேப்பை மாவைக் கொட்டி வைத்த நிறத்தில், சில சூளையில் தீய்ந்த செங்கல் நிறத்தில். மழையே பார்க்காத மண். உதடு முதல் நாளே வெடித்தது.

வருகிற வழியில் டில்லியில் மேகம் என்று விமானத்தை ரத்து செய்திருந்தார்கள். உடம்பை அந்த உயரத்துக்குப் பழக்க வைத்திருந்த ஓய்வு அதில் போய்விட்டது. வழிகாட்டி ஸ்டான்சின் இவர்கள் வயதுக்காரர், இந்தி பேசுகிறவர். மூவரையும் பார்த்துவிட்டு, உச்சிக்குப் போவதை ஒரு நாள் தள்ளிவைத்தால் நல்லது, மலை எங்கேயும் போய்விடாது என்றார்.

“இன்னா சொல்றாரு?” என்றான் சித்தார்த்தன். அவனுக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது.

“ஒரு நாள் தள்ளிப் போலாமாங்கறாரு.”

“போலாமே. எனக்கும் இன்னிக்கு மூச்சு வாங்குது.”

“ஞாயித்துக்கிழமன்னு போட்டிருக்குதுடா பேனர்ல. தேவா வெடி வாங்கி வெச்சிருக்கான்.”

ஜெகதீசன் சிரித்தான். “திங்கக்கெழம ஏறுனா மலைக்கு லீவா?”

“ஒனக்கு சிரிப்பா இருக்குது” என்றான் ஆரோக்கியராஜ். ஸ்டான்சினிடம், லீவு இல்லை, குறித்தபடியே போவோம் என்றான்.

பள்ளத்தாக்கு வழியாக நடந்தார்கள். காய்ந்த ஆற்றுப்படுகை, உருண்டைக் கல், தூசி. ஊரில் பங்குனி மாதத்து ஏரிக்குள் நடக்கிற மாதிரி இருந்தது, மூச்சு மட்டும் பாதி. வழியில் கல்லை அடுக்கிக் கட்டிய மேடுகளில் நிறம் போன கொடிகள் படபடத்தன. சித்தார்த்தன் பின்தங்கினான். முதலில் பாட்டுப் பாடிக்கொண்டு பின்தங்கினான். அடுத்த நாள் பேசாமல் பின்தங்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் மலையின் அடிவாரக் கூடாரத்தில் ஸ்டான்சின் மூவர் விரலிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தார். சித்தார்த்தனுடையதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எண் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த உயரத்தில் சிலருக்கு அப்படிக் காட்டும், ஆள் நன்றாகவே இருப்பான். ஆளைக் கேட்டால்தான் தெரியும். தலைவலி இருக்கிறதா, வாந்தி எடுத்தானா என்று அவர் இந்தியில் கேட்க, ஆரோக்கியராஜ் தமிழில் கேட்டான்.

“தல வெடிக்குதுடா ஆரோக்கியம். கண்ண மூடுனா சுத்துது. காத்தால இருந்து தின்னது ஒண்ணும் தங்கல. அவருகிட்ட சொல்லிடு” என்றான் சித்தார்த்தன்.

ஸ்டான்சின் ஆரோக்கியராஜைப் பார்த்தார். இருந்தது ஒரு வழிகாட்டி, ஒரு கயிறு. ஒருவன் நின்றால் மூவரும் நிற்க வேண்டும் என்பது லேயிலேயே பேசி வைத்திருந்தது. கூடாரத்து வாசல் வழியாக உச்சி தெரிந்தது. சாயங்கால வெயிலில் அது ஒன்றும் தூரமாகவே இல்லை, எட்டிப் பிடித்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஊரில் இந்நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், வேறு வழியில்லாமல், எதிரே அவன் முகம்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

“களைப்புதானாம்” என்று இந்தியில் சொன்னான். “சரியா சாப்பிடல. தலைவலி இல்லையாம்.”

ஷூக் கயிறு முடிந்துகொண்டிருந்த ஜெகதீசன் தலையைத் தூக்கினான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியே அதற்குப் போதும். ஆரோக்கியராஜைப் பார்த்தான், சித்தார்த்தனைப் பார்த்தான், மறுபடி குனிந்து கயிற்றை முடிந்தான்.

“இன்னா சொன்னாரு?” என்றான் சித்தார்த்தன்.

“எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்குமாம். மாத்தர போட்டுக்கினு படு. காலைல சரியாயிடுமாம்.”

சித்தார்த்தன் ஸ்டான்சினைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினான். அவரும், ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று தலையாட்டினார்.

விடியுமுன்னே கிளம்பினார்கள். வெளிச்சம் வந்தபோது ஒரு பெரிய சரிவில் இருந்தார்கள். சரிவு முழுக்க உடைந்த சில்லுக்கல். ஒரு அடி வைத்தால் பாதி அடி கீழே இழுத்தது. குவாரியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது ஜல்லிக் குவியலில் ஏறி விளையாடியது ஆரோக்கியராஜுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலுக்கு இந்தக் கல் தெரியும். அவன் ஸ்டான்சினுக்குப் பின்னாலேயே ஏறினான். மூச்சு முட்டினாலும் உள்ளே ஒரு சந்தோஷம். அந்த நேரத்தில் அவன் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். வானம் நீலம் முற்றிக் கறுப்பாக இருந்தது. கீழே பழுப்பும் சாம்பலுமாய் மலைகள் நாலு பக்கமும் கிடந்தன. உச்சியின் பனி விளிம்பில் முதல் வெயில் பட்டது.

“ஆரோக்கியம்!” கீழேயிருந்து ஜெகதீசன். “நில்றா. இவன் உக்காந்துட்டான்.”

சித்தார்த்தன் சரிவிலேயே உட்கார்ந்திருந்தான். வலது கை உறையை இடது கையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுழையவில்லை. கோபப்படாமல் திரும்பத் திரும்ப மாட்டினான்.

“எட்டு மணி பஸ்ஸு போயிடுச்சா?” என்று கேட்டான்.

ஆரோக்கியராஜ் சிரிக்கப் பார்த்தான். “காமெடி பண்ணாத. எழுந்திரு. தோ தெரியுது பாரு உச்சி.”

“இல்லடா, ஆடிட்டரு திட்டுவாரு. பஸ்ஸு போயிடுச்சா?” நாக்கு தடித்திருந்தது. எழுந்தவன் குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் நாலு எட்டு வைத்து, ஜெகதீசன் மேல் சாய்ந்தான்.

ஸ்டான்சின் மேலேயிருந்து இறங்கி வந்தார். என்ன ஆயிற்று என்று ஆரோக்கியராஜிடம் கேட்டார். ஆரோக்கியராஜின் வாயில் பதில் தயாராக இருந்தது. தூக்கம் இல்லை, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெகதீசன் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் உடைத்துச் சொல்லிவிட்டான். நேற்றே தலைவலி, நேற்றே வாந்தி, அவன் சொன்னான், உங்களிடம் மாற்றிச் சொல்லப்பட்டது.

ஸ்டான்சின் ஆரோக்கியராஜைத் திட்டவில்லை. ஒரு தரம் பார்த்தார். பிறகு பையைக் கழற்றி மருந்து தேடினார். மூவரும் கீழே, இப்போதே, என்றார்.

ஆரோக்கியராஜ் ஜெகதீசனிடம் திரும்பினான். “நேத்து வாய மூடிக்கினுதான இருந்த? இன்னிக்கு இன்னா புதுசா?”

“தப்புதான்டா. நேத்தே சொல்லியிருக்கணும்.”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க பேனரு நாறணும் ஒனக்கு. ஒங்கப்பன் டீக்கடையில ஒக்காந்து சிரிக்கணும். ஒனக்கு இன்னாடா, ஒம் மூஞ்சிதான் அதுல இல்லியே!”

ஜெகதீசன் சித்தார்த்தனின் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். “அந்தப் பக்கம் புடி” என்றான்.

பிடித்தான். பிடித்து இறங்கினான். சில்லுக்கல் முட்டிவரை சரிந்தது. ஆரோக்கியராஜ் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். வெயில் இப்போது உச்சி முழுவதும் இருந்தது. சித்தார்த்தனின் தலை அவன் தோளில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தபோது அவன் திரும்பிப் பார்த்தது மலையைத்தான். பின்னால் எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

கூடாரத்திலிருந்து குதிரையில், குதிரையிலிருந்து ஜீப்பில், லே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். மூளையில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், எதிரே நின்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நேரத்தில் இறக்கினீர்கள் என்று முடித்துக்கொண்டார். மூக்கில் குழாயோடு கிடந்த சித்தார்த்தன் மறுநாள் கண்ணைத் திறந்து இங்கே சாம்பார் கிடைக்குமா என்று கேட்டான். மலையில் நடந்தது அவனுக்கு நினைவில் இல்லை. கூடாரத்தில் தூங்கப்போனது வரைக்கும்தான் ஞாபகம். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஆரோக்கியராஜ் இரண்டு தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு தடவையும் ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்தான். ஜெகதீசன் டில்லியிலேயே பிரிந்து வேறு ரயில் ஏறிவிட்டான். பெட்டியைத் தூக்கும்போது, “பாத்துப் போ” என்றான். ஆரோக்கியராஜ் தலையாட்டினான்.

ஊரில் ஞாயிற்றுக்கிழமையே வெடி வெடித்துவிட்டிருந்தார்கள். கூட்டு ரோட்டில் பத்தாயிரம் வாலா. டீக்கடையில் எல்லாருக்கும் டீ, தேவா செலவில். ஊர்த்தெரு ஆள்களும் குடித்திருக்கிறார்கள்.

“உச்சிக்குப் போவலியா?” என்றான் தேவா. ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். “சுத்தமாவே போவலியா?”

“முக்காவாசி போனோம். சித்தார்த்துக்கு முடியல.”

தேவா ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தான். “யாருகிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. வாய மூடிக்கினு இரு. முக்காவாசின்னா அதுவும் மலதான? அங்க எடுத்த போட்டோ இருந்தா ஒண்ணு அனுப்பு. பேஜாரு பண்ணாத ஆரோக்கியம். காலனி மொத்தம் தல நிமுந்துகினு இருக்குது.”

அவன் போட்டோ அனுப்பினான். அடிவாரத்துக்கு மேலே ஒரு கணவாயில், கொடிகளுக்கு நடுவில் எடுத்தது. இதுதான் உச்சி என்று எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. தேவாவின் ஸ்டேட்டஸில் அது உச்சியாகிவிட்டது. ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பெயர் சொல்லிப் பாராட்ட, கோயிலே கை தட்டியது. இருதயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சவுரிராயன், சாதாரணமாகச் சிரிக்காதவர், வெளியே வந்ததும் நாலு பேரிடம் தானே போய்ப் பேசினார். பாஞ்சாலி, மகனைப் பிழைக்க வைத்துக் கூட்டிவந்தவன் என்று, வாரம் ஒரு தரம் கோழிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அந்தக் குழம்பு மட்டும் அவனுக்கு இறங்கவில்லை.

காதுகுத்து வேறு இடத்தில் பேனர் வைத்து நடந்து முடிந்தது. அதற்கு வந்திருந்த ஜெகதீசன் சென்னைக்குக் கிளம்புகிற ஒரு சனிக்கிழமை மாலை, ஆரோக்கியராஜும் சித்தார்த்தனும் டீக்கடைக்கு வந்தார்கள். பெஞ்சில் பெரியசாமி. பக்கத்தில் பையோடு ஜெகதீசன், போனில் குனிந்தபடி. இன்னும் நாலைந்து பேர்.

பெரியசாமி கையைக் காட்டிக் கூப்பிட்டார். கிண்டலுக்குத்தான் என்று நினைத்தான் ஆரோக்கியராஜ். இல்லை. பெரியசாமி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். “உக்காருங்கப்பா” என்றார். அந்தப் பெஞ்சில் காலனி ஆளை அவர் அப்படி உட்காரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சித்தார்த்தனைப் பார்த்து, மெய்யாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: “ஏம்ப்பா சித்தார்த்து, அந்த மல உச்சியில இன்னாதான் இருக்குது? நானும் அண்ணாமலை உச்சிக்கு ரெண்டு தரம் ஏறி இருக்கேன். ஐஸ்மலையில நின்னா எப்பிடி இருக்கும்? சொல்லேன் கேப்போம்.”

சித்தார்த்தன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நாங்க உச்சிக்குப் போவலிங்க” என்றான் ஆரோக்கியராஜ்.

கடைக்காரர் ஆற்றிய டீ பாதியில் நின்றது.

“போவலயா? அப்ப அது?” பெரியசாமி கையை எதிரே காட்டினார்.

“அது முன்னாடியே கட்டுனது. பாதியில எறங்கிட்டோம். இவனுக்கு ஒடம்பு முடியாமப் போச்சி. முடியலன்னு இவன் மொத நாளே சொன்னான். வழிகாட்டிகிட்ட சொல்லச் சொன்னான். நான்தான் மாத்திச் சொல்லிக் கூட்டிகினு போனேன். எம்மேலதான் தப்பு.”

யார் அதை வழிகாட்டியிடம் போட்டு உடைத்தது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. ஜெகதீசன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விரல் மட்டும் நகராமல் நின்றது.

“அதான பாத்தேன்” என்றார் ஓரமாக நின்ற ஒருவர். யாரோ சிரித்தார்கள். பெரியசாமி சிரிக்கவில்லை. “சரி, வுடுங்கப்பா. உசுரு முக்கியம்” என்றார். ஆனால் கண் வேறு எங்கோ போய்விட்டது. பெஞ்சில் விட்ட இடத்தில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சித்தார்த்தன் ஏற்கெனவே ரோட்டில் நடந்துகொண்டிருந்தான். ஆரோக்கியராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனான். மாதா கோயில் வளைவைத் தாண்டினார்கள். தன் வீட்டு வாசலில் சித்தார்த்தன் நின்றான்.

“நான் சொன்னன் இல்ல அன்னிக்கு? தல வலிக்குதுன்னு?”

“சொன்ன.”

“அவரு ஒண்ணும் இல்லன்னு சொன்னாருன்னு நீ சொன்னியே, அது?”

“அவரு சொல்லல. நான் சொன்னது.”

சித்தார்த்தன் சுவரில் கை வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நின்றால் எதையாவது பிடித்துக்கொள்கிற பழக்கம் வந்திருந்தது. “வந்து இத்தினி நாளாச்சி. தெனம் பாக்கற. ஒண்ணா டீ குடிக்கற. எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் வரல. அவங்க முன்னால வருது.”

“தாங்க முடியலடா. அவரு உக்காருன்னு எடம் வுட்டாரு பாரு, அதுக்கு மேல...”

“எனக்குத்தான எடம் வுட்டாரு? என்னத்தான கேட்டாரு? நான் இன்னா சொல்லப் போறேன்னு ஒனக்குத் தெரியுமா? எம் மூஞ்சியும் அதுல இருக்குதுடா.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஆரோக்கியராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “மலையில பொய் சொன்னதும் அவங்களுக்காவத்தான். இப்ப உண்மைய சொன்னதும் அவங்களுக்காவத்தான். நடுவுல நான் ஒருத்தன் இருக்கறது ஒனக்குத் தெரியவே இல்ல.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் ஆரோக்கியராஜ். அவனைப்போல் காரணம் அடுக்கத் தெரிந்தவன் காலனியில் கிடையாது. படிப்பு கொடுத்தது அது. இப்போது ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை.

உள்ளே தாளிக்கிற சத்தம் கேட்டது. “யாருடா வாசல்ல, ஆரோக்கியமா?” என்றாள் பாஞ்சாலி. “உள்ள வரச் சொல்லு. கொழம்பு எறக்கப் போறேன், துன்னுட்டுப் போவட்டும்.”

டீக்கடைப் பேச்சு காலனிக்கு வந்துசேர அதிக நேரம் ஆகாது. தேவாவின் ஆட்டோ கூட்டு ரோட்டுப் பக்கம் திரும்புகிற சத்தம்கூடக் கேட்டுவிட்டது.

சித்தார்த்தன் சுவரிலிருந்து கையை எடுத்து வாசலைவிட்டு விலகி நின்றான். “போ. அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் கூட வர மாட்டேன். அங்க யாரும் பாக்க மாட்டாங்க.”

ஆரோக்கியராஜ் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான். அது மண்ணில் சரியாக ஊன்றவில்லை. இன்னொரு தரம் போட்டான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனான்.